ஒரு சோதனையோடு முடிவு கட்டாதீங்க



கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் எச்.ஐ.வி. இரத்தச் சோதனையும் செய்றாங்க. சிலநேரம் முதல் சோதனை ஒன்று சொல்லும், அடுத்தது வேறொன்று சொல்லும். நோய் இல்லாத கர்ப்பிணிக்கும் இப்படி வரலாம். கிருமி புதிதாகத் தொற்றியவருக்கும் வரலாம். அதனால்தான் 14 நாள் கழித்து மறுபடி சோதிக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

தெல்லிப்பழையில் கட்டிக்கொடுத்த மகளானாலும், லயத்தில் இருக்கும் மருமகளானாலும் நாங்கள் சொல்வது ஒன்றுதான். அந்த இரண்டு கிழமையும் பெண்ணைச் சந்தேகப்படாதீங்க, ஊரில் கதை பரப்பாதீங்க. புருஷனும் கூடப் போய்ச் சோதிக்கணும்.

நோய் உறுதியானாலும் மருந்து இருக்கு. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக இலங்கை 2019இல் சான்று பெற்றது. ஆகவே, குறித்த நாளில் தவறாமல் போங்க.