வெட்டிய படம் எங்கே போகிறது?

(குறுவள மையப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிற்சித்தாள், வினாத்தாள், களப்பயண அறிக்கை என எல்லாவற்றையும் இப்போது வேர்டில்தான் தயாரிக்கிறோம். படம் சேர்க்கிறோம், வேண்டாத பகுதியை வெட்டுகிறோம். அந்த வெட்டிய பகுதி எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. கோப்புக்குள்ளேயே இருக்கிறது. கல்லணைக் களப்பயணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓரத்தில் நிற்கும் மாணவியை 'கிராப்' செய்து நீக்கிவிட்டு, மதகுகள் மட்டும் தெரியும்படி பயிற்சித்தாளில் வைத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறோம். கோப்பைப் பெற்றவர் மறுபடி 'கிராப்' அழுத்தி ஓரத்தை இழுத்தால், மாணவி முழுதாகத் தெரிவாள். 'எங்கள் பிள்ளையின் படம் வெளியே போக வேண்டாம்' என்று பெற்றோர் கேட்டுக்கொண்ட குழந்தையாக அவள் இருந்தால்? முகத்தின் மேல் கட்டம் வைத்து மறைப்பதும் இப்படித்தான். கட்டத்தை நகர்த்தினால் முகம் வந்துவிடும்.

வெட்டிய பகுதியை அழிக்க வழி எளிது. படத்தைத் தொட்டு, 'பிக்சர் ஃபார்மேட்' தாவலில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' அழுத்துங்கள். 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்பதில் உள்ள டிக்கை எடுத்தால் எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். 'டெலீட் கிராப்டு ஏரியாஸ்' என்பதில் டிக் இருக்கட்டும். பிறகு சேமியுங்கள். முகத்தை மறைக்க வேண்டுமென்றால், கைப்பேசியிலேயே மறைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைச் சேருங்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் வெட்டிய பகுதி கோப்பில் தங்கும். அங்கும் இந்த ஸ்கிரீன்ஷாட் முறை கைகொடுக்கும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். கோப்பைப் படியெடுத்து, பெயரின் கடைசியிலுள்ள 'டாக்ஸ்' என்ற பின்னொட்டை 'ஜிப்' என மாற்றித் திறந்தால், 'வேர்டு' உறைக்குள் 'மீடியா' என்ற உறை இருக்கும். கோப்பிலுள்ள படங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்து, கோப்பின் எடை. கைப்பேசிப் படம் ஒன்று 4000 × 3000 புள்ளிகள், அதாவது 1 கோடியே 20 லட்சம். அதை மவுசால் இழுத்து 4 அங்குல அகலமாகச் சுருக்கினால் தாளில் சிறிதாகத் தெரியுமே தவிர, புள்ளிகள் குறைவதில்லை. அதே 'கம்ப்ரஸ்' பெட்டியில் அங்குலத்துக்கு 220 புள்ளிகள் என்று தேர்ந்தெடுத்தால் 880 × 660 போதும். ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அச்சுக்கு 220, திரையில் காட்ட 150, மின்னஞ்சலுக்கு 96 என்பது கணக்கு.

எல்லாவற்றுக்கும் 96 வைத்துவிடாதீர்கள். பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டைப் படம் எடுத்து ஏழாம் வகுப்புக்கு அச்சிட்டுக் கொடுத்தால், பிள்ளைகள் எழுத்தைத் தடவிப் படிக்க வேண்டுமல்லவா? 96-இல் எழுத்து கலங்கிவிடும். அப்படிப்பட்ட கோப்புக்கு 'ஃபைல் – ஆப்ஷன்ஸ் – அட்வான்ஸ்டு' சென்று, 'இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' பகுதியில் 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால், சேமிக்கும்போதே வேர்டு தானாகப் புள்ளிகளைக் குறைத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுருக்கிச் சேமித்து மூடிய படத்தைப் பழையபடி பெற முடியாது. நம் ஊரில் விதைநெல்லைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் மற்றதை அரைக்க அனுப்புவோம். அதுபோல மூலப்படத்தைத் தனி உறையில் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

நாளை ஒரு கோப்பை அனுப்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: இதை அச்சிடுவார்களா, திரையில் பார்ப்பார்களா? இதற்குள் யாருடைய முகமாவது ஒளிந்திருக்கிறதா?

இப்போது அவரவர் மடிக்கணினியைத் திறங்கள். சேர்ந்தே செய்து பார்ப்போம்.