கடையும் கிடங்கும்

கொச்சியில் வாழும் தமிழருக்குப் பிராட்வே வீதியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குறுகிய அவ்வீதியில் கடைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அங்கே கடை நடத்தும் வணிகர் ஒருவருக்குக் காயலின் அக்கரையில், மட்டாஞ்சேரியில், ஒரு கிடங்கும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அன்றாடம் விற்கும் சரக்கு கடையில் இருக்கும். எப்போதோ கேட்கப்படுவது கிடங்குக்குப் போகும்.

கணினியின் நினைவகம் அக்கடையைப் போன்றது. வட்டில் ஒதுக்கப்படும் ‘ஸ்வாப்’ என்னும் மாற்றிடம் அக்கிடங்கைப் போன்றது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க, நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். சுழலும் வட்டிலிருந்து எடுக்கவோ நொடியில் நூற்றில் ஒரு பங்கு ஆகலாம். வேற்றுமை லட்சம் மடங்கு! ஆயினும் கடையில் இடம் போதாத வேளையில் கிடங்கே கைகொடுக்கிறது.

இந்நாளில் ஒரே சர்வரைப் பல ‘கொள்கலன்’களாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பணியை நடத்துகின்றனர். தடுப்புகள் பல, கட்டடம் ஒன்றே. ஒரு கொள்கலன் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டால் மற்றவற்றின் கதி என்ன? இதற்கு எல்லை வகுக்கும் முறையைப் பற்றி 2007ஆம் ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் கட்டுரை அளித்தவர்கள் பல்பீர் சிங், வைத்தியநாதன் சீனிவாசன் என்னும் இருவர். 2008 ஏப்ரலில் வெளிவந்த லினக்ஸ் 2.6.25 பதிப்பில் அவ்வெல்லை நடைமுறைக்கு வந்தது.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ‘டாக்கர்’ என்னும் கொள்கலன் சாதனத்தில் இரண்டு எண்களைக் குறிக்கலாம். முதல் எண் 512 மெகாபைட், இரண்டாம் எண் 1,024 மெகாபைட் என்று கொள்வோம். இரண்டாம் எண் மாற்றிடத்தின் அளவன்று. நினைவகமும் மாற்றிடமும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஆகவே மாற்றிடம் 512 மட்டுமே. இரண்டு எண்களும் சமமாயின் மாற்றிடம் அறவே இல்லை. அதுவும் தனிக் கிடங்கன்று. சர்வரின் பொதுக் கிடங்கில் ஒரு பங்கே. உள்ளிருந்து பார்க்கும் நிரலுக்கோ, பெரும்பாலும், கட்டடம் முழுவதும் தன்னுடையதாகவே தோன்றும்!

எல்லை நிரம்பி, விடுவிக்க இடமும் இல்லையெனில், உட்கரு நிரல் அக்கொள்கலனில் ஓடும் பணியொன்றைக் கொன்றுவிடும். மாற்றிடத்தை மிகுதியாக அளித்தாலோ, பணி சாகாது; ஆனால் ஓயாமல் கிடங்குக்கும் கடைக்கும் அலைந்து, ஊர்ந்து ஊர்ந்து நகரும்.

இது நமக்கு எதற்கு எனலாம். ஊரைவிட்டு வந்த நமக்குப் பட்டா நகலும், பிள்ளையின் உதவித்தொகையும், பண்டிகைக்கால ரயில் சீட்டும் சர்வர்களின் வழியாகவே வருகின்றன. விண்ணப்பத்தின் கடைசி நாளில் கூட்டம் பெருகும்போது, எல்லை குறுகியிருப்பின் பக்கம் பாதியில் அறுந்துபோகும். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். காக்கநாட்டிலும் பிற ஊர்களிலும் இத்தொழிலில் அமர்ந்துள்ள நம் இளைஞர்கள், தாம் இடும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்பதை நினைவில் இருத்துவார்களாக!