இருவர் பிழையும் ஒருவர் நட்டமும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



வீதி விபத்தைப் பற்றிப் பேசுவதென்றால் "பார்த்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் அமர்ந்துவிடலாம். அவ்வுபதேசத்தை எம் தாய்மார் நாள்தோறும் படலையடியில் நின்று எம்மிலும் நன்றாகவே செய்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. அடித்தவனிலும் பிழை, அடிபட்டவனிலும் பிழை என்றால் நட்டத்தைச் சுமப்பவர் யார்?

1809 இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட வழக்கொன்றுண்டு. டார்பி நகரில் ஒருவர் தம் வீட்டைத் திருத்தும்பொருட்டு வீதியிலே ஒரு கம்பத்தைக் குறுக்கே போட்டிருந்தார். விளக்கேற்றத் தொடங்கும் நேரம். ஆயினும் 100 யார் தூரத்திலேயே கம்பம் தெரியக்கூடிய வெளிச்சமிருந்தது. மதுச்சாலையிலிருந்து புறப்பட்ட ஒருவர் குதிரையைக் கண்மண் தெரியாமல் விரட்டி வந்து, அதிலே மோதி விழுந்து காயமுற்றார். தாமும் கவனமாக வராதபடியால் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

1842 இல் ஒரு கழுதையின் வழக்கு வந்தது. முன்னங்கால்கள் பிணைக்கப்பட்டு வீதியில் மேய்ந்துநின்ற அக்கழுதைமீது மூன்று குதிரை பூட்டிய வண்டி வேகமாக ஏறிற்று. கழுதையை வீதியில் விட்டது பிழையாயினும், இறுதி நேரத்தில் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடியவன் வண்டிக்காரனே என்று அவன்மீதே முழுப்பொறுப்பும் சுமத்தப்பட்டது. (சட்ட மாணவரிடையே இக்கழுதைக்குள்ள புகழ் பல நீதியரசர்களுக்கு இல்லை.)

ஆக, ஒன்றில் முழுவதும், அன்றேல் சூனியம். இவ்வநீதியை இங்கிலாந்து 1945 இல் நீக்கியது. எம் நாட்டிலோ 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கிற்று. இரவில் விளக்கில்லாத சைக்கிளில் சந்தையால் திரும்பும் தோட்டக்காரர் ஒருவரை, மிதமிஞ்சிய வேகத்தில் வந்த லொறி மோதுகிறதென்று வைத்துக்கொள்வோம். நட்டம் 10 இலட்சம் ரூபா. அவருடைய பிழை ஐந்திலொரு பங்கு என நீதிமன்றம் கண்டால், 8 இலட்சம் அவருக்குரியது. பழைய முறையில் அவர் வெறுங்கையுடன் திரும்பியிருக்கவும் கூடும்.

இங்கே இளைஞர் கவனிக்கவேண்டிய நுட்பமொன்றுண்டு. விபத்துக்குக் காரணம் வேறு, காயத்துக்குக் காரணம் வேறு. 1975 இல் டெனிங் பிரபு ஒரு வழக்கிலே இதனைத் தெளிவாக்கினார். மோதியது முற்றிலும் எதிராளியின் பிழை. ஆனால் காயமுற்றவர் ஆசனப்பட்டி அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிராதெனின் நட்டஈட்டில் நூற்றுக்கு 25, காயம் பெரிதும் குறைந்திருக்குமெனின் 15 கழிக்கப்படலாம் என்றார். ஆசனப்பட்டி அப்போது அங்கே கட்டாயமாக்கப்பட்டிருக்கவுமில்லை! தலைக்கவசமில்லாமற் சென்றவருக்கும் அதே நீதிமன்றம் சில ஆண்டுகள் முன்னரே இந்நியாயத்தைச் செலுத்தியிருந்தது. தலைக்கவசத்தைக் கைப்பிடியிலே கொழுவிக்கொண்டு ஓடும் நண்பர்கள் இதனைக் கேட்பார்களாக.

மரணவீட்டிலும் வைத்தியசாலை வாசலிலும் "எல்லாம் விதி" என்று பெரியோர் சொல்வர். ஊழை நாம் மறுக்கவில்லை. ஆனால், இருட்டிலே விளக்கின்றி லொறியை நிறுத்திவிட்டுப் போனவனுக்கு ஊழ் நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதில்லை. விதியென்று வாளாவிருப்பதாற் குடும்பங்கள் இழப்பது மிகப் பெரிது.

பொலிசார் வழக்குத் தொடர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணுவோர் பலர். நீதவான் விதிக்கும் குற்றப்பணம் அரசாங்கத்துக்குரியது. நட்டஈட்டு வழக்கு வேறு. அதை நாமே தொடரவேண்டும். அதற்கு 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதிக்கும் எல்லை இரண்டு ஆண்டு. பொலிஸ் வழக்கு முடியட்டுமென்று காத்திருந்தால் அவ்விரண்டாண்டும் கழிந்துவிடலாம். மூன்றாந் தரப்புக் காப்புறுதியை எம் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால், சாரதி ஏழையென்பதற்காகவும் பின்வாங்கவேண்டியதில்லை.

வாகன இலக்கம், கண்டவர்களின் பெயர் விலாசம், வைத்தியரின் அறிக்கை, மருந்துப் பற்றுச்சீட்டு, இழந்த நாட்கூலிக் கணக்கு ஆகியவற்றை முதல் வாரத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க, மன்றத்தில் சட்டம் பயிலும் நாம் ஞாயிறு மாலைகளில் வாசிகசாலையில் இருப்போம்.