ஏழரை ஆண்டுத் தவணை



சோதிடனுடைய வாசற்படியை நல்ல காலத்தில் மிதிக்கிறவர்கள் வெகு சொற்பம். கல்யாணப் பொருத்தத்துக்கும் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் குறிப்பதற்கும் வருகிறவர்களை நீக்கிவிட்டால், மற்றவர்களெல்லாம் தொழில் நொடித்தோ, கடன் கழுத்தை நெரித்தோ, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்ட பிறகோதான், பல வருஷங்களாகப் பீரோவின் அடித்தட்டில் கிடந்த ஜாதக நோட்டைத் தேடி எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பின் அவர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள். "எனக்கு ஏழரையா?" என்பது ஒன்று, "எப்போது விடும்?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி பயத்தில் பிறப்பது. இரண்டாவதிலோ, துன்பத்துக்கு ஒரு கரை உண்டென்ற நம்பிக்கை, கேட்கிறவருக்கே தெரியாமல் ஒளிந்திருக்கிறது. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் கால்மணி நேரத்தில் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் பேச உத்தேசம்.

சனி, வெறுங்கண்ணுக்குச் சாதாரணமாகப் புலப்படும் கிரகங்களில் சூரியனுக்கு மிகத் தொலைவில் இருப்பது. ஆகையால் ராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 29½ ஆண்டுகள் பிடிக்கின்றன. பன்னிரண்டு ராசிகளுக்கும் பங்கிட்டால் ராசிக்குச் சுமார் 2½ ஆண்டு. ஒருவர் பிறந்தபோது சந்திரன் நின்ற ராசிக்கு முந்தின ராசியிலும், அந்த ராசியிலும், அதற்கடுத்த ராசியிலும் சனி சஞ்சரிக்கிற காலத்தையே ஏழரை என்கிறோம். விரயச் சனி, ஜன்மச் சனி, பாதச் சனி என்பவை முறையே அந்த மூன்று பகுதிகளின் பெயர்கள். வாழ்க்கையில் முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி. மூன்றாம் சுற்றுக்கு வைத்திருக்கும் பெயரைக் காலை வேளையில் வானொலியில் சொல்லுவானேன், விட்டுவிடுகிறேன். நேயர்கள் இதில் ஒரு சின்னக் கணக்கைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டில் மூன்று என்றால் நாலில் ஒரு பங்கு. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு பஸ்ஸில், ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஏழரை நடந்துகொண்டிருக்கும். அஷ்டமச் சனியையும் அர்த்தாஷ்டமச் சனியையும் சேர்த்தால் இன்னும் ஆறேழு பேர். இருந்தும் பஸ் ஊர் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. "உலகத்தில் என்னை மட்டும் பிடித்துக்கொண்டதே" என்று கண்கலங்குகிறவர்களிடம் இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுக் காட்டுவதுண்டு; சிலர் சிரித்துவிடுவார்கள்.

ஆனால், "எப்போது விடும்?" என்பதற்கு விடை சொல்வது நீங்கள் நினைக்கிற அளவு சுலபமல்ல. பூமி சனியைக் காட்டிலும் வேகமாகச் சூரியனைச் சுற்றுவதால், அதை முந்திக்கொண்டு போகிற காலத்தில், சனி பின்னோக்கி நகர்வதுபோல நமக்குத் தோற்றும். ஆண்டுதோறும் சுமார் நாலரை மாதம் இந்த வக்கிரம் உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2022 ஏப்ரல் 29-ஆம் தேதி சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனார்; தனுசு ராசிக்காரர்களுக்கு ஏழரை விட்டது. ஜூலை 12-ஆம் தேதி வக்கிரகதியில் மறுபடி மகரத்துக்கே திரும்பி வந்தார். பிறகு 2023 ஜனவரி 17-ஆம் தேதிதான் மீண்டும் கும்பத்தில் புகுந்தார். வாக்கியப் பஞ்சாங்கத்தை அனுசரிக்கிற திருநள்ளாற்றிலோ, அதே பெயர்ச்சியை 2023 டிசம்பர் 20-ஆம் தேதி கொண்டாடினார்கள். ஒரே ஏழரைக்கு இப்படி மூன்று முடிவுகள்! எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், தனுசு ராசிக்காரர், தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருப்பவர். முதல் முடிவன்று கடை வாசலில் பெரிய கோலமாகப் போட்டுவிட்டு எனக்கும் ஒரு பொட்டலம் கேசரி அனுப்பினார். ஜூலையில் விஷயம் கேள்விப்பட்டதும் நேரே என் முன்னால் வந்து நின்று, "போன மனுஷன் எதை மறந்து வச்சிட்டுப் போனாருன்னு ஐயா திரும்பி வர்றாரு?" என்று கேட்டாரே, அதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் பதில் இல்லை.

இருட்டின் ஆரம்பத்தைக் குறிப்பது எளிது, முடிவைக் குறிப்பது கடினம் என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1825-ஆம் ஆண்டில், ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 'கால ஸங்கலித' என்ற நூலை எழுதினார். புதுச்சேரியிலே ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் கிளிஞ்சல்களைப் பரப்பி, எண்களுக்குப் பதிலாக எழுத்துக்களை வைத்துக் கோத்த வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லியபடியே, அவ்வாண்டு மே 31-ஆம் தேதி இரவுக்குரிய சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் கொடுத்தவை அவ்வகை வாக்கியங்களே. நூற்றாண்டுக்குப் பிறகு, ஆட்டோ நாய்கெபௌர் என்ற வான சாஸ்திர வரலாற்றாசிரியர் இந்தக் கணக்கைப் பற்றி எழுதினார். கிரகணத் தொடக்கத்தில் அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு நேர்ந்த பிழை 4 நிமிஷமே. மத்தியில் 23 நிமிஷம். முடிவிலோ 52 நிமிஷம். தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பழகின ஒரு குலத்தின் நினைவாற்றலுக்கே இருள் விலகும் நேரம் இவ்வளவு நழுவுமானால், என்போன்றவர்கள் குறித்துக் கொடுக்கும் தேதியை நம்பிக் கைகட்டி உட்கார்ந்திருப்பது உசிதமாகாது.

பின் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு நளன் கதை வேண்டியிருக்கிறது. நேயர்கள் மன்னிக்க வேண்டும். நளனை எடுத்தால் நான் சீக்கிரம் கீழே வைக்கமாட்டேன்.

மகாபாரதத்தில் இக்கதையைச் சொல்கிறவர் பிருகதசுவர் என்னும் முனிவர், கேட்கிறவர் தருமபுத்திரர். சூதாடி நாட்டை இழந்து காட்டில் இருக்கும் தருமர், தம்மைவிட அபாக்கியசாலியான அரசன் உலகத்தில் உண்டோ என்று புலம்புகிறார். அதற்கு விடையாகத்தான் முனிவர், சூதாடி நாட்டை இழந்த இன்னோர் அரசனுடைய கதையை ஆரம்பிக்கிறார். அதில் நளனைப் பிடிக்கிறவன் கலி. திருநள்ளாற்றுத் தலபுராணத்தில் சனி. குதிகால் நனையாமல் கால் கழுவினால் சனி பிடிக்கும் என்று நம் பாட்டிமார்கள் கொல்லைப்புறத்தில் நின்று அதட்டுவதும் இந்தக் கதையின் எதிரொலிதான். நாடு போயிற்று, உடுத்த துணியும் போயிற்று. மனைவி தமயந்தியின் சேலையில் பாதியைக் கிழித்துக்கொண்டு, நள்ளிரவில் அவளைக் காட்டிலே விட்டுவிட்டு நளன் ஓடினான் என்கிற இடம்வரை எல்லோருக்கும் தெரியும். தமயந்தி சேதி நாட்டுக்குப் போனது, தந்தை வீடு சேர்ந்தது முதலியவற்றை நேரமின்மையால் தாண்டிச் செல்கிறேன். நான் நிற்க விரும்புவது அதற்குப் பிந்திய இரண்டு இடங்களில்.

முதலாவது, காட்டுத் தீ. தீயின் நடுவே அசையமுடியாமல் கிடந்த கார்க்கோடகன் என்ற நாகம் நளனை அழைக்கிறது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். "இன்னும் சில அடிகள் எண்ணிக்கொண்டே நட" என்கிறது பாம்பு, எண்ணிக்கொண்டே நடக்கிறான், பத்தாவது அடியில் கடித்துவிடுகிறது. ஆணழகன் நளன், ஒரு கணத்தில் விகாரமான உருவமாகிவிடுகிறான். காப்பாற்றினவனைக் கடிக்கலாமா என்று நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் பாம்பு சொல்வதைக் கேளுங்கள்: இந்த விஷம் உன்னை ஒன்றும் செய்யாது, உனக்குள்ளே இருக்கிறவனைத்தான் வாட்டும், இந்த உருவத்தில் உன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள், அயோத்திக்குப் போ, இருதுபன்னன் என்ற அரசனிடம் வாகுகன் என்ற பெயரோடு வேலைக்குச் சேர், உனக்குத் தெரிந்த குதிரை வித்தையை அவனுக்குக் கொடுத்து, அவனுக்குத் தெரிந்த சூதின் வித்தையை நீ வாங்கிக்கொள். துயரத்தை இப்பொழுதே துடைத்துவிடுகிறேன் என்று கார்க்கோடகன் சொல்லவில்லை. போகவேண்டிய ஊரையும் பார்க்கவேண்டிய ஆளையும் சொன்னான். அங்கே கொடுக்கவேண்டியது எது, வாங்கவேண்டியது எது என்றும் சொன்னான். வழிகாட்டுதல் என்றால் இதுவென்று நான் நினைக்கிறேன். என் தொழிலில் இருப்பவர்கள் பாதிப்பேர் பரிகாரப் பட்டியலை நீட்டுவதற்குப் பதிலாக இப்படி ஒரு விலாசம் சொல்லி அனுப்பினால் எவ்வளவோ புண்ணியம்.

இரண்டாவது இடம், தான்றி மரத்தடி. நேயர்களே, இந்த மேஜையின்மேல் என் முன்னால் ஒரு தான்றிக்காய் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். உங்களுக்குக் காட்ட முடியவில்லையே என்பதுதான் குறை. மங்கின சாம்பல் நிறம், மெல்லிய வெல்வெட்டுத் துணியைத் தடவுவதுபோன்ற தோல், உலர்ந்ததனால் மேடு பள்ளமாக ஐந்து பட்டைகள். கடுக்காயோடும் நெல்லிக்காயோடும் சேர்ந்து திரிபலா சூரணமாவது இதுவே. ஆதியில் சூதாடுவதற்குக் காயாக உருட்டினதும் இதுவே.

தமயந்தியின் தந்தை நாடான விதர்ப்பத்தை நோக்கி இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு வாகுகன் தேர் ஓட்டுகிறான். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரவேண்டிய அவசரம். வழியில் அரசனுடைய மேலாடை பறந்து விழுகிறது. எடுக்கலாம் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் அது ஒரு யோசனை தூரம் பின்தங்கிவிட்டது. பாகனுடைய சாமர்த்தியத்தைக் கண்ட அரசனுக்குத் தன் சாமர்த்தியத்தையும் காட்டவேண்டுமென்ற ஆசை. அதோ அந்தத் தான்றி மரத்தின் இரண்டு கிளைகளில் 5 கோடி இலைகளும் 2095 காய்களும் இருக்கின்றன என்கிறான். உடனே வாகுகன் தேரை நிறுத்திவிட்டான்! நான் எண்ணிப் பார்த்தாக வேண்டும், அவசரமானால் தேரில் உடன் வரும் வார்ஷ்ணேயனை ஓட்டச் சொல்லிக்கொண்டு நீங்கள் போகலாம் என்கிறான். தமயந்திக்கு இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி. தன் மனைவியையே பிறனுக்கு இழக்கப்போகும் நிலை. அப்படிப்பட்ட அவசரத்தில், ஒரு மனிதன் இறங்கி மரத்தைச் சாய்த்துக் காய் எண்ணுகிறான் என்றால் அவனுக்குப் பைத்தியமா? இல்லை. எதனால் கெட்டானோ அந்த வித்தை இன்னதென்று அவன் முதன்முதலாகக் கண்ணால் கண்ட தருணம் அது. எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. வித்தையைக் கொடு என்று கேட்டான். அவசரத்திலிருந்த அரசன் அங்கேயே கொடுத்துவிட்டு, குதிரை வித்தை உன்னிடமே இருக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றான். அந்த வித்தை உள்ளே போன மாத்திரத்தில், பாம்பின் விஷத்தைக் கக்கிக்கொண்டு கலி வெளியே வந்து, நளனுக்கு அஞ்சி, அந்தத் தான்றி மரத்திலேயே புகுந்துகொண்டான். இதிலே இன்னொரு நுட்பம் உண்டு. கலி நீங்கிய பிறகும் நளனுடைய உருவம் திரும்பவில்லை. வாகுகனாகவே மறுபடி தேரில் ஏறி உட்கார்ந்து ஓட்டினான். பிறர் கண்ணுக்கு அவனுடைய ஏழரை அப்போதும் முடியவில்லை.

கதையைக் கேட்ட தருமபுத்திரருக்கும் பிருகதசுவர் அந்தச் சூது வித்தையை உபதேசித்தார் என்று பாரதம் சொல்கிறது. விராட நகரத்தில், கங்கன் என்ற பெயரோடு, அரசனுக்குச் சூதாட்டத் துணைவராகவே அவர் தம் அஞ்ஞாதவாசத்தைக் கழித்தார் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இட்லிக்கடை அம்மாளை மறந்துவிடவில்லை. அவருடைய கடையில் தினமும் காலையில் சாப்பிடுகிறவர் ஒருவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற முதியவர். வயிற்றுக் கோளாறினால் காரம் ஆகாது. அவருக்கென்று தனியாக மிளகாய் சேர்க்காத சட்னி அரைத்து வைப்பது அம்மாளின் வழக்கம். வக்கிர காலத்தில் ஒருநாள், கடையில் யார் யார் கடன் வைத்திருக்கிறார்கள் என்பதற்குக் குறிப்பே இல்லை என்று தெரிந்துகொண்ட அந்தப் பெரியவர், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து, வரவை இடப்பக்கமும் செலவை வலப்பக்கமும் எழுதச் சொல்லிக் கொடுத்தார். நல்ல காலம் வந்துவிட்டதா என்று சென்ற மாதம் கேட்டேன். "கடன் இன்னும் இருக்குதுங்க ஐயா; எவ்வளவுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். பரிகாரம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கடிதம் எழுதப்போகிறீர்கள். எள் தீபம் ஏற்றுங்கள், காக்கைக்குச் சோறு வையுங்கள். திருநள்ளாற்றுக்குப் போய்த் தர்ப்பாரண்யேசுவரரைத் தரிசித்து நள தீர்த்தத்தில் தாராளமாக முழுகுங்கள், ஆனால் புண்ணியமாகப் போகும், உடுத்தின துணியைக் குளத்திலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வராதீர்கள். எண்ணெயும் கந்தையுமாகத் தீர்த்தம் படும் பாடு சொல்லத் தரமில்லை.   கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஏழரை நடக்கிற அந்த நாலில் ஒரு பங்கினருக்கும், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு யாராவது சீக்கிரம் வந்து சேரட்டும்.