வெப்பம் வெளியேறும் வாயில்



நீங்கள் வேண்டுமென்று கேட்ட புத்தகத்தையும் சட்டையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் சிறு சரக்கு வேன்களுள் பல இக்காலத்தில் மின்சாரத்தால் ஓடுகின்றன. அவற்றுக்குப் புகை இல்லை, இரைச்சலும் இல்லை, பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரிகிறது. அத்தகைய வேனின் முகப்பிலே, பம்பருக்குப் பின்னால், ஒரு விரற்கடைப் பருமனே உள்ள அலுமினியச் சட்டம் ஒன்று நிற்கிறது. குளிர்சாதனத்தின் கண்டன்ஸர் என்பது அதுதான். அது பழுதுபட்டால் எவ்வாறு மாற்றுகிறார்கள் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். “இது மெக்கானிக்குகளுக்கு உரிய பேச்சல்லவா?” என்று வானொலியை மூடிவிடாதீர்கள். நீங்கள் பௌதிகப் பாடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, அன்றே மறந்துவிட்ட ஒரு வரி அந்தச் சட்டத்துக்குள்ளே ஒவ்வொரு கணமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மின்விசிறியில் மாட்டும் மின்தேக்கிக்கும் கடைத்தெருவில் கண்டன்ஸர் என்றே பெயர். அது வேறு, இது வேறு. இது ஆவியைத் திரவமாக்குவது.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும் இதனாலேயே. 100 டிகிரியில் கொதிக்கும் ஒரு கிராம் நீர், அதே 100 டிகிரியில் ஆவியாக மாறுவதற்கு ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. வெப்பமானியோ ஒரு கோடுகூட ஏறுவதில்லை. இவ்வாறு ஒளிந்துகொண்ட வெப்பத்தையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒளிந்தது அழிந்துபோகவில்லை. ஆவி மீண்டும் திரவமாகும்போது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கையில் ஆவி பட்டுக் கை வெந்துபோகிறதே, அந்த வேதனையில் பெரும் பகுதி உள்ளுறை வெப்பத்தின் வேலைதான்.

இதைக் கண்டறிந்த கதையில், ஆசிரியனாக இருந்த எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தில், கிளாஸ்கோ சர்வகலாசாலையில், வில்லியம் கல்லன் என்னும் ஆசிரியர் 1748ஆம் ஆண்டு வாக்கில் ஈதரைக் காற்று நீக்கிய பாத்திரத்தில் ஆவியாக்கிக் குளிர்ச்சியை உண்டாக்கிக் காட்டினார். அவருடைய மாணாக்கர் ஜோஸப் பிளாக் உள்ளுறை வெப்பத்தை அளந்து விளக்கினார். பிளாக்கின் நண்பராய், அதே சர்வகலாசாலையில் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் வாட். நீராவி யந்திரத்துக்குத் தனியே ஒரு கண்டன்ஸர் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது 1765இல். மூவருள் பழுது பார்த்தவரின் பெயரைத்தான் உலகம் மிகுதியாக நினைவில் வைத்திருக்கிறது. அது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் வேனுக்கு வருவோம். அதன் குழாய்களில் ஓடுவது பெரும்பாலும் ஆர்-134ஏ என்னும் வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை அது எளிதில் விழுங்கிக்கொள்ளும். விழுங்கியதை எங்கே உமிழ்வது? வெளியிலோ கத்திரி வெயில், 40 டிகிரி. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் போகாது என்பது நீங்கள் படித்ததுதானே? இங்கேதான் கம்ப்ரஸர் உதவிக்கு வருகிறது. அது அந்த ஆவியைக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 16 மடங்குக்கு அமுக்கினால், அதே ஆவி சுமார் 58 டிகிரியில் திரவமாகத் தொடங்கும். 58 டிகிரியிலிருந்து 40 டிகிரிக் காற்றுக்கு வெப்பம் தாராளமாகப் பாயும் அல்லவா? அது பாயும் இடமே கண்டன்ஸர். குளிர்சாதனம் குளிர்ச்சியைத் தயாரிப்பதாக நினைப்பவர்கள் பலர். அது தயாரிப்பது எதுவும் இல்லை. வெப்பத்தை உள்ளேயிருந்து வெளியே சுமந்து செல்லும் கூலியாள் அது.

பெட்ரோல் வண்டியில் இந்தச் சுமை டிரைவரின் சுகத்துக்காக மட்டுமே. மின்சார வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் வெப்பத்தையும் இதே கண்டன்ஸர் வழியாகத்தான் வெளியேற்றுகிறார்கள். மனிதனுக்கு இதமான வெப்பநிலைதான் பாட்டரிக்கும் இதம். சூடு மிகுந்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி சார்ஜ் ஏறும் வேகத்தைத் தானே குறைத்துவிடும். காற்றாலேயே பாட்டரியை ஆற்றிக்கொள்ளும் சிறு வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

சென்ற ஆண்டுக் கோடையில், என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்து, இப்பொழுது மின்சார வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அப்பொழுது ஒரு சரக்கு வேன் வந்தது. வேனுக்கு உரியவரே அதை ஓட்டுபவர். பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். மாதத் தவணையோ நிற்காது. குளிர்ச்சி இல்லை, அரை மணியில் ஏறிய சார்ஜ் இப்போது ஒரு மணிக்கு மேல் பிடிக்கிறது என்றார். வேறோர் இடத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை ‘கேஸ்’ நிரப்பியிருந்தார்கள். கசிவு எங்கே என்று எவரும் பார்க்கவில்லை. ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதை வைத்தியம் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல?

முகப்பைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. கண்டன்ஸரின் கீழ் மூலையில் எண்ணெய் படிந்து, அதன்மேல் தெருப் புழுதி அப்பியிருந்தது. வாயுவோடு எண்ணெயும் சிறிது கலந்தே ஓடுவதால், வாயு கசியும் இடத்தில் எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். சாலைக் கல் ஒன்று தெறித்து ஒரு தட்டைக் குழாயைக் குத்தியிருந்தது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று அரித்தும் இப்படி ஆவதுண்டு. அந்தத் தட்டைக் குழாய்களுக்குள்ளே நூல் நூலாகப் பல துவாரங்கள் ஓடுகின்றன. பற்றவைத்து அடைத்தால் 16 மடங்கு அழுத்தத்தை அது தாங்கும் என்று நம்ப முடியாது. மாற்றுவதே வழி.

வேலையைத் தொடங்குமுன், பாட்டரி இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கை அவர் உருவி எடுத்துத் தம் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டார். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் வண்டி அது. பிளக்கை எடுத்த பின்பும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். உதவியாளாகிய இளைஞன், “அண்ணே, ஆரம்பிக்கலாமா?” என்று ஸ்பானரோடு நின்றான். “பத்து நிமிஷம் ஆகட்டும் தம்பி” என்று கடிகாரத்தைக் காட்டினார். பிறகு ரப்பர் கையுறை அணிந்து, மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று கண்ட பின்னரே அவனை அருகில் விட்டார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக எந்த வாடிக்கைக்காரரும் பணம் தருவதில்லை.

அடுத்தபடியாக, மீந்திருந்த வாயுவை ஒரு யந்திரத்தால் உறிஞ்சி உருளையில் சேர்த்தார். பல இடங்களில் முடுக்கைத் தளர்த்தி, ‘புஸ்’ என்று காற்றில் விட்டுவிடுவது வழக்கம். முன்னாளில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. எரியாதது, நஞ்சில்லாதது என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். அது வானத்து ஓஸோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று மொலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள் 1974இல் எச்சரித்தார்கள். 1987இல் மான்டிரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்து அதை விலக்கத் தொடங்கின. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓஸோனைத் தொடுவதில்லை; ஆனால் பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், தன் எடையைப் போல் 1,400 மடங்கு கரியமில வாயுவுக்குச் சமம். 2016இல் கிகாலி நகரில் அதையும் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டார்கள். இந்தியா 2021இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வேனுக்கு உரிய அளவு 550 கிராம். அவ்வளவையும் காற்றில் விட்டால் முக்கால் டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை விட்டதற்கு ஒப்பாகும். புகையில்லா வண்டி என்று பெருமை பேசிக்கொண்டு இதைச் செய்வது வெட்கக்கேடு.

அதன் பிறகுதான் அவர் முகத்தில் கவலை தெரிந்தது. டிரைவரைப் பார்த்து, “அங்கே எண்ணெய் ஏதாவது ஊற்றினார்களா, சொல்லுங்கள்” என்றார். “தெரியாதுங்க, ஏதோ ஒரு டப்பாவைத் திறந்தாங்க” என்றார் அவர். இதில் என்ன பெரிய சங்கதி என்று நான் கேட்டேன்.

“ஐயா, பெல்ட்டால் சுற்றும் கம்ப்ரஸருக்குப் பெரும்பாலும் பி.ஏ.ஜி. என்ற எண்ணெய் போடுவார்கள். இந்த வண்டியில் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அதன் செம்புச் சுருள்கள் இந்த எண்ணெயிலும் வாயுவிலும் நனைந்தபடிதான் இருக்கின்றன. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. எண்ணெய்தான் வேண்டும். மற்றது சிறிது கலந்தாலும் மின்காப்பு கெட்டுவிடும். வண்டி அதைக் கண்டுபிடித்து ஓட மறுக்கலாம். கண்டன்ஸரோடு போக வேண்டிய செலவு, அதைப்போல் பல மடங்கு விலையுள்ள கம்ப்ரஸர் வரையில் போய்விடும்.”

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பையில் வைத்துக்கொண்டார். மோட்டார்ச் சுருளுக்கும் கம்ப்ரஸரின் உடலுக்கும் இடையே மின்காப்பு எப்படி இருக்கிறது என்று மெக்கர் கருவியால் சோதித்தார்கள். நல்ல அளவே காட்டியது. திறந்த டப்பாவில் என்ன இருந்ததோ, அது கம்ப்ரஸருக்குக் கேடு செய்யவில்லை.

மற்ற வேலை கைப்பழக்கம். கழற்றிய குழாய்களின் வாயை அக்கணமே மூடினார்கள், பி.ஓ.இ. எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தால் நாளடைவில் அமிலமாகும். புதுக் கண்டன்ஸரோடு ஈரம் உறிஞ்சும் உலர்த்தியும் புதிது. ரப்பர் வளையங்களும் புதியவை. வெளியேறிய எண்ணெயை அளந்து, அந்த அளவே புதிய எண்ணெயை விட்டார்கள். அடைத்த பின் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரையால் ஒவ்வொரு மூட்டையும் பார்த்தார்கள்.

பிறகு வாக்குவம் பம்ப் முக்கால் மணி நேரம் ஓடியது. இது எதற்கு என்று உங்களுள் யாரேனும் சொல்ல முடியுமா? காற்றழுத்தத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்தம் இறங்கினால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதிக்கும். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரம் பட்டறையின் வெப்பத்திலேயே ஆவியாகிப் பம்ப் வழியே போய்விடும். கிளாஸ்கோவில் கல்லன் செய்துகாட்டிய அதே வித்தைதான். பம்பை நிறுத்திய பின்னும் முள் அசையாமல் இருக்கிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். அசையவில்லை.

வாயுவை அழுத்தம் பார்த்து நிரப்பாமல் தராசு பார்த்து நிரப்பினார்கள். கூடினால் கண்டன்ஸரில் திரவம் தேங்கி அழுத்தம் ஏறும். குறைந்தால் குளிர்ச்சி போதாது. 550 என்று வந்ததும் வால்வை மூடினார். தேதி, எண்ணெயின் வகை, வாயுவின் எடை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினான் அந்த இளைஞன். அடுத்தபடி இந்த வண்டியைத் திறப்பவர் எவராயினும் அவருக்கு அது தெரிய வேண்டுமாம். சார்ஜரில் மாட்டிப் பார்த்தபோது பழைய வேகத்தில் ஏறிற்று. விசிறிக்குப் பின்னால் கையை வைத்தேன், அனலடித்தது. கொடுக்க வேண்டிய பார்சல்கள் இன்னும் பாக்கி இருந்தன. நாலரை மணிக்கு டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.