கடற்கரை நமக்கும் உரியது

(கிளைச் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், வீடு, தண்ணீர் என்று பேசுவதுதான் வழக்கம். இன்று ஊர் பார்க்கப் போவதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரிக்கட்டும். இதுவும் சம்பளப் பேச்சுதான் என்பதைக் கூட்டம் முடிவதற்குள் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுமுறை உண்டு. இரண்டாண்டு முடித்தவருக்கு 12 நாள். ஐந்தாண்டு முடித்தவருக்கு 16 நாள். இது சம்பளத்துடன் கூடிய விடுமுறை. பொது விடுமுறையும் நோய் விடுப்பும் இதில் சேரா, அவை தனி.

ஓராண்டு வேலைக்குச் சேர்ந்த விடுமுறையை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். நிர்வாகம் கேட்டுக்கொண்டு, தொழிலாளியும் விடுமுறை வேண்டாமென்று எழுத்து மூலம் சம்மதித்தால், அதற்கு ஈடாகப் பணம் கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வேலை நாட்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வராதிருந்தால், அந்த ஆண்டு விடுமுறை கிடையாது. செக்ரோலில் பெயர் போடும் கிராணிமார்களாகிய நாம் இதை ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதே விடுமுறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

போராடிப் பெற்ற விடுமுறையைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறோம். எடுப்பவரும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எடுத்துத் தீர்த்துவிடுகிறோம். “சும்மா எங்கே போவது?” என்று கேட்பவருக்கு நம் பதில் இது: கடற்கரைக்குப் போவோம்!

ஏன் கடற்கரை? நம் பாட்டன்மார் இந்த நாட்டில் முதலில் கண்டது அதைத்தான். ‘ரஜுலா’ கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கும் ஆட்களை ஏற்றி வந்தது. வந்தவர்களை நோய்த் தடுப்பு முகாமில் நிறுத்தி, எண்ணி, தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவு அத்தகைய முகாம்களில் ஒன்று. கரையைத் தாண்டி உள்ளே வந்தவர்களில் எத்தனையோ பேர் மறுபடி அந்தக் கடலைப் பார்க்காமலே மண்ணுக்குள் போனார்கள். அந்தக் கரையை இன்று நாம் நம் பிள்ளைகளோடு வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்து வருவோம்.

கெடாவிலே, 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை, அக்காலக் கடலோடிகளுக்கு வழிகாட்டியாய் இருந்தது. அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மெர்போக் அருங்காட்சியகத்தின் பக்கத்தில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைப் பிள்ளைகள் கண்ணாலே காணலாம். 1025-இல் இராசேந்திர சோழன் படை வந்த கடாரம் இந்த வட்டாரம்தான். படையெடுப்பைச் சொல்லி நாம் பெருமையடிக்க வேண்டியதில்லை. பால்மரம் வருவதற்கு முன்பே தமிழ் வணிகர் இக்கரையில் கால் வைத்தார்கள் என்று பிள்ளை தெரிந்துகொண்டால் போதும். அப்பள்ளத்தாக்கின் பழங்கோயில் இடிபாடு ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தது. பார்க்க ஆள் வராத இடத்தைக் காப்பதற்கும் ஆள் வராது, தோழர்களே!

அடுத்தது பினாங்கு. 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், 2011 முதல் புதிய வண்டிகளோடு ஓடுகிறது. அடையாளக் கார்டைக் கையில் வைத்திருங்கள். நாட்டு மக்களுக்குக் கட்டணம் குறைவு. கீழே பட்டணத்தில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், அதற்கும் முந்திய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. ஜோர்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

பேராக்கில் கோலா செப்பெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கிலிருந்து இங்கேதான் 1885-இல் மலாயாவின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளம் இன்று இல்லை; பழைய பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. அங்கேயே சதுப்புநிலக் காட்டு மரத்தைச் சூளையில் அடுக்கிக் கரியாக்கும் வேலையையும் பார்க்கலாம். உழைப்பவன் உழைப்பவனைப் பார்ப்பது நல்லது.

சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்கு இரவிலே போக வேண்டும். கரையோர மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றுசேர்ந்து விட்டுவிட்டு ஒளிரும். நிலவில்லாத இரவு சிறந்தது. கைவிளக்கு அடிக்கக் கூடாது. கரை மரங்கள் அழிய அழிய மின்மினியும் குறைந்து வருகிறது. ஆகவே, பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அங்கிருந்து கிள்ளான் பக்கம் வரும்போது பிள்ளைகளுக்கு 1941-ஐச் சொல்லுங்கள். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. அந்த இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அன்று கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். ஒரு சாலையில் தலை நிமிர்ந்து போகும் உரிமைக்காக உயிரே போயிருக்கிறது. இன்று அந்தச் சாலையில் நம் குடும்பம் வண்டியேறிக் கடலுக்குப் போவது வெறும் பொழுதுபோக்கா?

இன்னும் தெற்கே போர்ட்டிக்சன். பக்கத்துத் தஞ்சோங் துவானில் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்திராவிலிருந்து கடல் தாண்டிப் பருந்துக் கூட்டம் அங்கே வந்து சேரும். நம் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் காலமும் ஏறக்குறைய அதுதான்! விடுமுறைக்கு ஏற்ற பருவம்.

முடிவாக மலாக்கா. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கும் வட்டாரத்திலேயே பள்ளிவாசலும் சீனர் கோயிலும் இருக்கின்றன. காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் நமக்குப் பல நூறாண்டு முன்னே வந்தவர்கள். சைவ வழிபாட்டை விடாமல் காத்தார்கள். வீட்டு மொழியோ மலாய் ஆகிவிட்டது. நம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா என்று யோசிக்கும் பெற்றோர் அவர்களை ஒருமுறை கண்டு பேசி வரவேண்டும்.

செலவுக்கு என்ன வழி? பால் குறையும் மாதத்தில் கையில் காசு இருக்காது. ஆகவே பால் நன்றாக வடியும் மாதங்களிலேயே குடும்பத்துக்குப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று கிளையில் சேர்த்து வருவோம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு பஸ் பேசலாம். கட்டுச்சோறு நம் கையில். விடுமுறை மனுவை எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தயங்குவோருக்கு எழுதிக் கொடுக்கக் கிராணிமார்கள் இருக்கிறோம். கடலில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். நீரோட்டம் கேட்டு இறங்குங்கள்.

தோழர்களே! இந்த நாட்டின் ரயிலுக்கும் ரோட்டுக்கும் துறைமுகத்துக்கும் நம் முன்னோரின் வியர்வை போயிருக்கிறது. அதைப் பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். சட்டம் தந்த நாட்கள் நம் கையில் இருக்கின்றன. வரும் இலையுதிர் காலத்தில் இந்தக் கிளையிலிருந்து முதல் பஸ் புறப்பட வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுங்கள்.