நோன்பைத் திறக்க வேண்டிய நேரம்

 



ரமளானில் அஸருக்குப் பிறகு நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். நீரிழிவு நோயுள்ள பெரியவரின் கைகள் நடுங்குகின்றன, உடல் வியர்க்கிறது, நாக் குழறுகிறது. "பாங்கு சொல்ல இன்னும் அரை மணி நேரம்தானே வாப்பா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கின்றனர் பிள்ளைகள். அவரும் அதையே விரும்புகிறார். அந்த அரை மணி நேரத்தில் உயிரே போய்விடக்கூடும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூளை இயங்குவதற்கு இரத்தத்திலுள்ள சர்க்கரை இன்றியமையாதது. உணவில்லாத வேளையில் ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடும். உடலும் இன்சுலின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இது இறைவன் அமைத்த ஏற்பாடு. ஆனால் ஊசி வழியே செலுத்திய இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் நாம் நோன்பிருப்பதை அறியமாட்டா. அவை சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 54க்குக் கீழே இறங்கினால் பேராபத்து.

2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,243 நீரிழிவாளர்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. மற்ற மாதங்களைவிட ரமளானில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு, முதல் வகை நோயாளிகளிடம் 4.7 மடங்காகவும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்காகவும் இருந்ததென அது தெரிவித்தது.

சிந்தியுங்கள்! நோயாளி வேறு நாட்களில் நோன்பு நோற்கலாம் என அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் அல்லாஹ்வே சலுகை வழங்கியுள்ளான். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிப் பயணத்தின்போது, மக்களுக்கு நோன்பு கடினமாகிவிட்டதை அறிந்த நபி (ஸல்) அவர்கள், அஸருக்குப் பின் அனைவரும் காணும்படி நீர்ப் பாத்திரத்தை உயர்த்திப் பருகினார்கள். அதன் பின்னரும் சிலர் நோன்பைத் தொடர்வதாகக் கேள்விப்பட்டு, அவர்களை மாறு செய்பவர்கள் எனக் கண்டித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அன்றும் மஃரிபுக்குச் சிறிது நேரமே இருந்தது என்பதை மறவாதீர்கள்!

எனவே நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், காரணமற்ற கோபம், தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் கருத்து. அளவு 70க்குக் கீழே இருந்தால் அக்கணமே நோன்பை விட்டுவிடுங்கள். சோதிக்கக் கருவி இல்லையென்றால் அறிகுறிகளே போதும், காத்திருக்க வேண்டாம்.

மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுங்கள். நோன்புக் கஞ்சியும் வடையும் சர்க்கரையை மெதுவாகவே உயர்த்தும். தேறிய பிறகே அவற்றைக் கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; அது மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஊர்தியை அழையுங்கள். மாத்திரையால் நேர்ந்த தாழ்வு தேறிய பின்பும் திரும்பி வரக்கூடும். ஆகவே மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

நீரிழிவாளர்களே! ரமளானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து, நோன்பு நோற்கலாமா, மருந்தின் அளவையும் வேளையையும் எவ்வாறு மாற்றுவது எனக் கேட்டறியுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள். விடுபட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். நிரந்தரமாக இயலாதவர்களுக்கு ஃபித்யா உண்டு. போன உயிருக்குக் களா இல்லை.

பிள்ளைகளே! உங்கள் வாப்பாவும் உம்மாவும் வெட்கத்தால் தம் தளர்ச்சியை மறைக்கலாம். "அல்லாஹ் தந்த சலுகை இது, அருந்துங்கள்" என்று உங்கள் கையாலேயே சர்க்கரை நீரைக் கொடுங்கள்.

உடலை அமானிதமாகப் பேணி, அவன் தந்த சலுகையை நன்றியுடன் ஏற்கும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.